ரத்னாக்காவின் புறங்கை

எங்கள் கம்பெனி கேட்டில் ரத்னாக்காவிடம் திட்டு வாங்காத பெண் ஒருத்தி உண்டு என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஷிப்ட் முடிந்து கால் கடுக்க வரிசையில் நிற்போம். வெளியே கம்பெனி பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். துணித்திரை போட்ட தடுப்புக்குள் ஒவ்வொருத்தியாகப் போக வேண்டும். உள்ளே நீலச் சட்டையும் பேன்ட்டும் தொப்பியுமாக அக்கா நிற்பாள். "கை தூக்கு" என்பாள். தூக்க வேண்டும். புறங்கையால் தோளில் தொடங்கிக் கணுக்கால் வரை ஒரே இழுப்பு. "திரும்பு." முதுகுப் பக்கம் இன்னொரு இழுப்பு. "போ. அடுத்து." நாங்கள் செய்வது போனுக்கு உள்ளே போகிற நகத்தளவு சாமான்கள். அதில் ஒன்றை எவளாவது ஒளித்துக்கொண்டு போய்விட்டால் அக்காவின் வேலைக்கு வேட்டு. அதனால் யார் முறைத்தாலும் அவள் கை நிற்காது.

அக்காவுக்கு ஊர் இருங்காட்டுக்கோட்டைதான். பிறந்தது, கட்டிக்கொண்டது, அக்கம்பக்கத்தாரோடு சண்டை போட்டது எல்லாம் அங்கேயே. புருஷன் சுப்பிரமணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகளைக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். "நம்ம ஊர்ல முன்னமாதிரி அமைதி இல்லையே" என்று யாராவது அலுத்துக்கொண்டால் அக்காவுக்குப் பிடிக்காது. "லாரி சத்தம் கேக்கலன்னா எனுக்குத் தூக்கமே வராது. சும்மா கெட, எல்லாம் நல்லாத்தான் கீது" என்பாள்.

வருஷக்கணக்காக ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அது அவள் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் கூட்ட நாளன்று வரிசையில் நின்றபோது, அசதியில் முன்னால் நின்ற அம்மாளிடம் "கை தூக்கு" என்று சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாள் ஏதோ பெருமாளுக்குத்தான் சொல்கிறார்கள் என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாராம். அவரைப் பார்த்து வரிசையே தூக்கியதாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள்.

அவளைச் சொல்வானேன், எங்கள் நிலைமையும் அதுதான். என் பெயர் கனகலட்சுமி. நாங்குநேரிப் பக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்ற செக்யூரிட்டி அம்மா எனக்கு வணக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் சட்டையைப் பார்த்ததும் என் இரண்டு கையும் தானாக மேலே போய்விட்டன. கடை வாசலில் கை தூக்கி நிற்கிற மகளைப் பார்த்து என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சிரிக்கிற விஷயம் இதோடு போதும்.

எனக்கு இடது மார்பு வளரவில்லை. வலது பக்கம் எல்லோரையும் போல. இடது பக்கம் சின்னப் பிள்ளைக்கு இருப்பது போல அப்படியே நின்றுவிட்டது. நோய் கிடையாது, வலி கிடையாது. அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்" என்றாள். கல்யாணம் என்ன உரமா, போட்டால் வளர? அன்றைக்கு வந்த கோபத்தில் அதற்குப் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கைக்குட்டைகளை மடித்துத் தைத்து ஒரு பொதி செய்து உள்ளே வைத்துக்கொள்வேன். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளாது. லைனில் நின்று குனிந்து நிமிரும்போது அது நகரும். வியர்த்தால் கனக்கும். பஸ்ஸில் தூங்க முடியாது, தூங்கினால் கழுத்துவரை ஏறிவிடும். கண்ணாடி, ஜன்னல், பாத்திரக்கடை எவர்சில்வர் எதைத் தாண்டினாலும் கண் போகும், கண்ணோடு கையும் ஷாலுக்குப் போகும். ரூமில் என்னோடு இருக்கும் செல்வலட்சுமி, "உனக்கு என்னட்டி, எப்பப் பாத்தாலும் ஷாலப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்க?" என்பாள். நல்ல பெண்தான். ஆனால் அவளிடம் காலையில் சொன்னது மத்தியானம் கேன்டீன் முழுக்கத் தெரிந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஷிப்ட் முடிந்து திரைத் தடுப்புக்குள் போனேன். அக்காவின் புறங்கை இடது பக்கம் வந்ததும் நின்றது.

"இன்னா வெச்சிகினு கீற உள்ள?"

எனக்கு உயிரே போய்விட்டது. பொதியை எடுத்து நீட்டினேன். அக்கா அதைப் பிரித்துப் பார்க்கப் போனாள். பிறகு என்னைப் பார்த்தாள், பொதி இருந்த இடத்தைப் பார்த்தாள். அதற்குள் வெளியே செக்யூரிட்டி சூப்பர்வைசர் தணிகாசலம், "இன்னா ரத்னா, எதுனா மாட்டிச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"ஆங், மாட்டிச்சு. பஞ்சு. லேடீஸ் சமாச்சாரம் சார், உள்ள வந்து பாக்கிறீங்களா?"

தணிகாசலத்தின் பூட்ஸ் சத்தம் அவசரமாகத் தள்ளிப் போனது. அக்கா பொதியை என் கையில் திணித்து, "சீக்கிரம் சொருவு. போ. அடுத்து" என்றாள்.

அன்றிலிருந்து நான் அக்காவின் வரிசையில்தான் நிற்பேன், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும். அவள் கை இடது பக்கம் வரும்போது ஒரு கணம் நின்று, தாண்டிப் போகும். நல்ல மனசோடுதான் தாண்டினாள். ஆனால் அந்த ஒரு கணத்தில் நான் தினமும் கூசிப்போனேன். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

போன வருஷம் ஒரு நாள் துணிந்து பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் மதிவதனி என்கிற டாக்டரம்மாவைப் பார்த்தேன். இது பல பேருக்கு இருக்கிறது என்றார். சிலிக்கான் பை ஒன்றை உள்ளே வைத்து இடது பக்கத்தை வலது பக்கத்துக்குச் சமமாகக் கொண்டுவரலாமாம். முழு மயக்கம் வேண்டாம், அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. காலையில் வந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். "ஆனா கூட ஒருத்தர் வரணும். இல்லன்னா அனுப்ப மாட்டோம்" என்றார்.

கூட ஒருத்தர். யாரைக் கூப்பிட? இந்த உலகத்தில் எனக்கு இப்படி ஒரு குறை இருப்பது தெரிந்தது, அம்மாவை விட்டால், என்னைத் தினமும் தடவிப் பார்த்து வெளியே அனுப்புகிற ஒருத்திக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சுப்பிரமணி மாமா ஆட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார். அக்கா கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கேட்டதும் அரிவாள்மணையைத் தள்ளிவைத்தாள்.

"இன்னாடி உனக்குப் பைத்தியமா? நல்லா கீற ஒடம்ப எதுக்குடி அறுத்துக்கிற? எவனாவது எதுனா சொன்னானா? சொல்லு, அவனை நான் கேக்கிறேன்."

"எவனும் ஒண்ணும் சொல்லலக்கா. எனக்குத்தான். எனக்கு அத மறந்துட்டு ஒரு நாள் இருக்கணும். அவ்வளவுதான்."

"மயக்கம் குடுக்காம முழிச்சிக்கினு கீறப்பவே அறுப்பாங்களா?"

"மரத்துப்போவுமாம்."

"மரத்துப்போவுமாம்! இவ டாக்டருக்குப் படிச்சவ!" திட்டிக்கொண்டே மறுபடி காயை அரிந்தாள். நான் எழுந்தேன். செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "என்னிக்குன்னு சொல்லாமயே போறியே. நான் லீவு போட வேணாமா?"

அந்த நாள் வரைக்கும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆபீசில் மஞ்சள்காமாலை என்று சொல்லி நீண்ட லீவு போட்டேன். ரூமில் ஊருக்குப் போவதாகச் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு நேரே இருங்காட்டுக்கோட்டை போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தியேட்டரில் படுக்கவைத்து இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துப் பலகையில் பட்டை போட்டுக் கட்டினார்கள். கேட்டில் நிற்பது போலவேதான், படுத்துக்கொண்டு. கழுத்துக்குக் கீழே பச்சைத் துணி மறைப்பு. ஊசி சுருக்கென்று நாலைந்து இடத்தில் ஏறியது, எரிந்தது, பிறகு அங்கே என்னுடையது என்று எதுவும் இல்லாமல் போயிற்று. ஆனால் எல்லாம் தெரிகிறது. இழுப்பது தெரிகிறது, அமுக்குவது தெரிகிறது, ஏதோ கருகும் வாசனை வருகிறது. வலி மட்டும் இல்லை. வலி இல்லாமல் இருப்பதே பயமாக இருந்தது. கால் தானாக ஆடியது. நர்ஸ் இரண்டு தடவை காலைப் பிடித்து, "ஆடக் கூடாதும்மா" என்றாள். ஆடாதே என்றால்தான் இன்னும் ஆடுகிறது. மூக்கு அரித்தது. சொறியக் கை இல்லை. ஏண்டா வந்தோம், எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இந்த நிலையில் எங்கே ஓட?

"இப்ப உங்கள உக்கார வைக்கப் போறேன், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். கட்டிலின் தலைமாடு மெல்ல எழும்பியது. படுத்திருக்கும்போது சமமாகத் தெரிவது உட்கார்ந்தால் மாறுமாம். அதனால் அளவு பார்க்கிற பை ஒன்றை முதலில் உள்ளே வைத்து, உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிஜப் பையை வைப்பார்களாம்.

"நீங்களே பாருங்க. போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா?"

நர்ஸ் கண்ணாடியைக் காட்டினாள். பார்த்தேன். இரண்டும் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் ஆடுமே என்று அடக்கினேன், அடக்கினால் இன்னும் ஆடியது.

"கை வச்சா வித்தியாசம் தெரியக் கூடாது டாக்டர். கேட்ல."

"எந்த கேட்?"

"எங்க கம்பெனி கேட்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸைப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் தன் கையை வைத்துப் பார்த்து, "இதே அளவு வச்சிரலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அக்காவிடம்தான் எல்லாவற்றையும் சொன்னார்கள். நிமிர்ந்து சாய்ந்துதான் படுக்க வேண்டும். கனம் தூக்கக் கூடாது. கையைத் தோளுக்கு மேலே தூக்கவே கூடாது, சில வாரத்துக்கு. முன்னால் பட்டன் வைத்த சட்டைதான் போட வேண்டும். ஒரு பக்கம் வீங்கினாலோ இறுகினாலோ உடனே வர வேண்டும். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் டூட்டியில் இருக்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வாடகைக் கார்க்காரன் கதவைத் திறந்துவிட்டு, "கம்பியப் புடிச்சி ஏறுங்கம்மா" என்றான். "இன்னா கம்பி? அது கை தூக்கக் கூடாது! நீ கம்முனு வண்டிய ஓட்டு" என்று அவனுக்கு ஒரு டோஸ் விழுந்தது.

வீட்டில் மாமா இருந்தார். முதுகில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தோம். அவர் பாவம், முன்பக்கம் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா எனக்குக் காபி கொடுத்தாள். கையை உயர்த்தப் பயந்து குனிந்து குடித்ததில் பாதிக் காபி சட்டையில் கொட்டியது. சூடு தெரியவில்லை, அந்த இடம் இன்னும் மரத்துத்தான் இருந்தது. "அய்ய, நனைஞ்சி போச்சே. தோ, இரு" என்று உள்ளே போய்த் தன் நைட்டியை எடுத்து வந்தாள். நர்ஸ் மார்பைச் சுற்றிக் கட்டிய பட்டைக்கு மேலே இருந்த சட்டையைப் பட்டன் கழற்றி மெதுவாக உருவினாள். நைட்டியைத் தலைவழியாக மாட்டச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றாள்.

"கை தூக்கு" என்றாள்.

என் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன.

யோசித்துச் சொல்லவில்லை அவள். யோசித்துத் தூக்கவில்லை நான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது. அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. நான் கையை இறக்கினேன். வலி ஒன்றும் இல்லை.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"மெய்யாலுமே?"

"ஒண்ணுமே தெரியல."

அந்த அம்மாள் பெருமாள் கோயிலில் கை தூக்கியது ஞாபகம் வந்து நான்தான் முதலில் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "சிரிக்காதடி. குலுங்குது" என்றாள்.

அப்புறம் சாய்ந்து படுத்தேன். அக்கா சோறு வைக்கப் போனாள். வைத்த சோற்றைவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். போனாள். மறுபடி வந்தாள். எனக்கும் நிலைகொள்ளவில்லை. முதலில் பட்டை இறுக்குகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ காற்றடிப்பது போல இருந்தது. மரத்தது விட்டுக்கொண்டு வந்தது, விட விட ஒரு பக்கமாகக் குத்தியது. சொல்லலாமா வேண்டாமா என்று படுத்திருந்தேன். சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

"ஏக்கா. இங்க வந்து பாருங்களேன்."

அக்கா வந்தாள். பட்டையின் ஓரத்தில் புறங்கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். தொட்டால் தெரிகிற அளவுக்கு அது சுட்டது, கல்லாக இருந்தது. "ஐயோ" என்றவள் போனைத் தேடி ஓடினாள். போன் அவள் இடுப்பிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் உடனே வரச் சொன்னார்கள்.

"யோவ், வண்டிய எடு!"

மாமா எதற்கு என்று கேட்கவில்லை. சாயங்கால ஷிப்ட் மாறுகிற நேரம். பெங்களூரு ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஆட்டோவில் அக்கா என் இரண்டு மணிக்கட்டையும் மடியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தாள். எனக்குப் பயம் தலைக்கேறி அது கோபமாக மாறிவிட்டது. என் சுபாவமே அதுதான்.

"தூக்குன்னா தூக்கிருவேன்னு ஒங்களுக்குத் தெரியாதா? தெனமும் தூக்கச் சொல்லுதது நீங்கதான? அந்த வாய ஒரு நாள் சும்மா வச்சிருக்க முடியலையா ஒங்களால?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு என் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஊரையே வாயால் விரட்டுகிறவள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

தண்டலம் ஸ்டாப்பில் ஒரு கும்பல் நின்றது. ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார். மாமாவின் கால் தன் பாட்டுக்குப் பிரேக்கை அமுக்கியது. வண்டி ஓரம் கட்டி நின்றேவிட்டது. "பூந்தமல்லியா? ரெண்டு பேர் ஏறலாம்" என்று வேறு சொல்லிவிட்டார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற நீ!" என்று அக்கா கத்திய கத்தலில் ஏற வந்தவர் ரெண்டடி பின்னால் குதித்தார். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். "பழக்கம்மே. கை தூக்கினா கால் அமுக்கிடுது" என்றார். அதைக் கேட்டதும்தான் அக்கா அழ ஆரம்பித்தாள். தொப்பியில்லாத தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கோபம் எங்கேயோ போய்விட்டது. "அத எடுத்திருவாவளாக்கா?" என்று கேட்டேன். அதுதான் எனக்கு இருந்த ஒரே பயம். வலி இருக்கட்டும், தையல் இருக்கட்டும். காலையில் கண்ணாடியில் பார்த்ததை மறுபடி எடுத்துவிடுவார்களா?

"எடுக்க மாட்டாங்க. நான் விடமாட்டேன்" என்றாள். அவள் யார் விடாமல் இருக்க? ஆனாலும் அந்த நேரத்தில் அப்படி யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் அமுக்கிப் பார்த்தார். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்றார். ரத்தம் கசிகிற இடம் கிடைத்தால் அடைத்துவிட்டுப் பையைக் கழுவித் திரும்ப வைக்கலாம். உள்ளே நிலைமை சரியில்லை என்றால் இப்போதைக்கு எடுத்துவிட வேண்டியதுதான். மறுபடி வைக்கப் பல மாசம் ஆகும்.

"கை எதுவும் தூக்கினீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். "நான்தான் டாக்டர். நான்தான் தூக்கச் சொன்னேன். அதுமேல ஒரு தப்பும் இல்ல."

"அதனாலயும் இருக்கலாம். எதுவும் செய்யாமலும் சிலருக்கு இப்படி ஆகும்" என்றார் டாக்டர். அக்கா அந்த இரண்டாவது வாக்கியத்தைக் காதில் வாங்கவே இல்லை.

ரத்னாக்கா பக்கத்தில் இருந்தால்தான் படுப்பேன் என்று நான் அடம்பிடித்தேன். டாக்டர் யோசித்தார். பிறகு அக்காவுக்குப் பச்சை அங்கியும் தொப்பியும் மாஸ்க்கும் மாட்டி என் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். மறுபடி கையை விரித்துக் கட்டினார்கள். மறுபடி ஊசி. கட்டின கைதான், ஆனாலும் அக்கா ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வீங்கின இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை போல, இந்த முறை அங்கங்கே வலித்தது. சொன்னேன். இன்னும் போட்டார்கள். உறிஞ்சுகிற குழாய் கொரகொரவென்று சத்தம் போட்டது. நான் மேலே விளக்கையே பார்த்தேன். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாமி பெயர் என்று நினைத்தேன். உற்றுக் கேட்டால், "ஆடாத, ஆடாத, ஆடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடியது அவள்தான். அவள் ஆடியதில் என் கையும் ஆடியது.

"இருக்கு. இதுதான் கசியிது" என்றார் டாக்டர். மறுபடி அந்தக் கருகின வாசனை. பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது. இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கட்டிலின் தலைமாடு எழும்பியது.

"உக்காருங்க கனகலட்சுமி. பாருங்க, வச்சாச்சு. இனிமே ஒழுங்கா இருக்கணும்."

இருந்தது. "அக்கா, பாருங்க" என்றேன். அக்கா கண்ணைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். "நீ பாத்தா போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில்தான் இருந்தேன். பக்கவாட்டில் ரத்தம் வடிய ஒரு குழாய் மாட்டியிருந்தார்கள், அதை எடுத்த பிறகும் அங்கேயே. தலை வாருவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவள்தான். என் கை இடுப்புக்கு மேலே போனாலே "ஏய்" என்று சத்தம் வரும். ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. கேட்டிலும் சொல்வதில்லையாம். செல்வலட்சுமி போனில் சொல்லிச் சிரித்தாள். "ஒனக்கு விஷயம் தெரியுமாட்டி? ரத்னாக்கா இப்ப வாயே தொறக்க மாட்டேங்கா. அவளே ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுதா, அதப் பாத்து நாங்க தூக்குதோம். தணிகாசலம் சார், வாயில இன்னா கொழுக்கட்டையான்னு கேக்காரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் கடைசியாகப் பார்த்துவிட்டு, இனி எல்லா வேலையும் செய்யலாம், கையும் தூக்கலாம் என்றார். மறுநாள் ஷிப்டுக்குப் போனேன். மஞ்சள்காமாலை வந்த பிறகு முகம் தெளிந்திருக்கிறது என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். காலையில் நான் உள்ளே வந்தபோது கேட்டில் வேறொருத்தி. அக்காவுக்கு மத்தியான டூட்டி.

சாயங்காலம் அக்காவின் வரிசையில் போய் நின்றேன். பக்கத்து வரிசை காலியாகத்தான் இருந்தது. போக மாட்டேன். வரிசை நகர நகர முன்னால் நிற்பவர்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். இத்தனை நாள் பட்டதெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

உள்ளே போனேன். அக்கா என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கிக் காட்டக்கூட இல்லை. "போ" என்றாள் மெதுவாக.

"பாக்காம போவச் சொல்லுதீய? நான் எதையாவது கொண்டுட்டுப் போனா?"

"பேசாம போடி."

"டாக்டர் தூக்கலாம்னு சொல்லியாச்சுக்கா. நீங்களும் கேட்டியளே. சொல்லுங்க."

"நீயே தூக்கிக்கோ."

"மாட்டேன். நீங்க சொன்னாத்தான் தூக்குவேன்."

திரைக்கு வெளியே ஒருத்தி, "சீக்கிரம்க்கா, பஸ் போயிரும்!" என்று கத்தினாள். தணிகாசலத்தின் செருமல் கேட்டது. அக்கா தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினாள்.

"கை தூக்கு" என்றாள்.

தூக்கினேன். நன்றாக, தலைக்கு மேலே. எதுவும் இழுக்கவில்லை. அவள் புறங்கை தோளில் தொடங்கியது. வலது பக்கம் வந்தது. இடது பக்கம் வந்தது. நிற்கவில்லை. எல்லோருக்கும் போவது போல இடுப்புக்குப் போய், காலுக்கு இறங்கி, முடிந்துவிட்டது.

"திரும்பு" என்றாள். முதுகிலும் ஒரு இழுப்பு. "போ. அடுத்து."

வெளியே வந்தேன். பழக்கத்தில் கை ஷாலுக்குப் போனது. சரிசெய்ய ஒன்றுமில்லை. அதே ஷாலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பின்னால் திரைக்குள்ளிருந்து அடுத்தவளுக்கு விழுந்த திட்டு கேட் வரைக்கும் கேட்டது.